அடுக்குமாடி வீட்டில் அரங்க ஒலி

சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்புகிறவர் கையில் ஒரு டூ-இன்-ஒன் பெட்டி இல்லாவிட்டால், அவர் உண்மையில் சிங்கப்பூருக்குத்தான் போய் வந்தாரா என்று தஞ்சாவூர், ராமநாதபுரம் ஜில்லாக்களின் உறவினர்கள் சந்தேகப்பட்ட காலம் ஒன்று இருந்தது. தேக்காவின் கடைகளில் பேரம் பேசி வாங்கப்பட்டு, போர்வைக்குள் சுற்றப்பட்டு, சுங்க அதிகாரியின் பார்வைக்குத் தப்பியும் தப்பாமலும் கிராமத்துத் திண்ணையை அடைந்த அந்தப் பெட்டிகளின் மகிமை இன்று மறைந்துவிட்டது. ஆயினும் சப்தம் தரும் சாதனங்களை வாங்குவதற்கு இந்த நகரமே உகந்த க்ஷேத்திரம் என்ற கீர்த்தி மட்டும் முற்றிலும் தேய்ந்துவிடவில்லை. கோல்மன் வீதியில் அடெல்ஃபி கட்டடத்தின் மாடிகளில் ஹைஃபை வியாபாரிகள் இன்னமும் கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னே இருட்டறைகளில் ஸ்பீக்கர்களை அடுக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்களை உபசரிக்கிறார்கள். ரோச்சோர் பக்கம் போனால் சிம் லிம் சதுக்கம். சையது ஆல்வி ரோட்டில் முஸ்தபா. கணினிக்கு வாய் பேசக் கற்றுக்கொடுத்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை 1989-இல் உலகத்துக்கு அளித்த கிரியேட்டிவ் ஸ்தாபனத்தை, சிம் வோங் ஹூ 1981-இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறு கடையாகத்தான் தொடங்கினார் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு பெருமை வாய்ந்த ஊரில், வீட்டுக் கூடத்தில் சினிமாக் கொட்டகையின் ஒலியைக் கேட்க ஆசைப்படும் ஒரு நடுத்தரக் குடும்பஸ்தர், கையில் ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு வெள்ளியிலிருந்து நாலாயிரம் வெள்ளி வரையில் வைத்துக்கொண்டு, எந்த ரிசீவரை வாங்குவது என்று கேட்டால், அவருக்குக் கிடைக்கும் உபதேசங்களுக்குக் கணக்கில்லை. கடைக்காரர் வாட்டைச் சொல்லுவார். நண்பர் எடையைச் சொல்லுவார். மைத்துனர் தம்முடைய வீட்டில் இருப்பதையே சொல்லுவார். இவற்றையெல்லாம் கொஞ்சம் ஆற அமர விசாரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

முதலில் ரிசீவர் என்னும் இந்தப் பெட்டி செய்யும் காரியம் என்ன என்பதைத் தெளிந்துகொள்வது நல்லது. வெளியே ஒன்றாகத் தோன்றினும் உள்ளே அது இரண்டு ஜீவன்கள் சேர்ந்து வாழும் கூடு. ஒன்று, டிஸ்கிலிருந்தோ இணையத்திலிருந்தோ வரும் எண் வடிவமான செய்தியைப் பிரித்து, இன்ன ஒலி இன்ன ஸ்பீக்கருக்கு, இன்ன நேரத்தில், இன்ன அளவில் என்று பங்கிட்டுக் கொடுக்கும் மூளை. மற்றொன்று, அப்படிப் பங்கிடப்பட்ட மெல்லிய மின் அலையை ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் அளவுக்குப் பலப்படுத்தும் தோள், அதாவது ஆம்ப்ளிஃபையர். நம்முடைய பணத்தில் எவ்வளவு மூளைக்கு, எவ்வளவு தோளுக்கு என்பதே கேள்வி. கடையில் விளம்பரமாவது பெரும்பாலும் தோளின் பெருமைதான்.

மூளைக்கு வேலை ஏறிக்கொண்டே வந்த சரித்திரத்தைத் தமிழ்ப் படங்களைக் கொண்டே சொல்லிவிடலாம். டால்பி ஸ்டீரியோ எஸ்ஆர் முறையில் வந்த முதல் இந்தியப் படம் என்று பெயர் பெற்ற ‘குருதிப்புனல்’ 1995-இல் வெளிவந்தபோது, ஒலி திரையின் பின்னாலிருந்து மட்டுமன்றி நம் முதுகுக்குப் பின்னாலிருந்தும் வரக்கூடும் என்பதே ஓர் அதிசயமாயிருந்தது. 2012 டிசம்பரில் ‘சிவாஜி’ முப்பரிமாணத்தில் மறுபடியும் வந்தபோது டால்பி அட்மாஸ் வந்து, தலைக்கு மேலேயும் சப்தத்தை ஏற்றிவிட்டது; மறு வருஷம் ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டி என்னும் வேறொரு வழியில் அதே உயரத்தைத் தொட்டது. மெக்கன்சி ரோட்டில் 1946-இல் திறக்கப்பட்ட ரெக்ஸ் கொட்டகையில் ஒற்றை ஸ்பீக்கரிலிருந்து வந்த வசனத்தைக் கேட்டு விம்மிய தலைமுறைக்கு இவையெல்லாம் ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் 2014-இல் அட்மாஸ் வீட்டு ரிசீவர்களுக்கும் வந்து சேர்ந்தபின், ஏழு, ஒன்பது, பதினொன்று என்று ஸ்பீக்கர்களின் தொகை வீட்டுக்குள்ளும் வளரத் தொடங்கிவிட்டது. அதனால்தான் நடுத்தர விலை ரிசீவர் ஒன்றின் பின்புறத்தைப் பார்த்தால் தொலைபேசி நிலையத்தைப் பார்த்தது போன்ற பிரமை உண்டாகிறது.

இனி வாட்டுக்கு வருவோம். “அண்ணே, இது நூத்திப் பத்து வாட், பக்கத்துல இருக்கிறது நூத்தி நாப்பது வாட்” என்று கடைப் பையன் சொல்லும்போது, முப்பது வாட் அதிகத்துக்கு முந்நூறு வெள்ளி கொடுத்தால் என்ன என்று மனம் சபலப்படுவது சகஜம். ஆனால் மனிதச் செவி வாட்டை எண்ணுவதில்லை, டெசிபலையே உணருகிறது. சக்தியை இரட்டித்தால் மூன்று டெசிபல் கூடும். கேட்பவருக்கு ஒலி இரு மடங்கானதாகத் தோன்ற வேண்டுமானால் ஏறக்குறையப் பத்து டெசிபல், அதாவது பத்து மடங்கு சக்தி வேண்டும். இந்தப் பிரமாணத்தின்படி நூற்றுப் பத்துக்கும் நூற்று நாற்பதுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு டெசிபல்தான். அது கவனமாகக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் மட்டும் புலப்படக்கூடிய அளவு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணமான ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கறை வீட்டுக் கூடத்தில் சோபா மூன்று மீட்டர் தள்ளி இருந்தால், அங்கே ஏறக்குறைய 80 டெசிபல் வந்து சேரும். சம்பாஷணையை 65 டெசிபலில் கேட்பது வீட்டில் தாராளமான அளவு. அதற்கு வேண்டியது ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்கு. படத்தில் வெடி வெடித்து 25 டெசிபல் திடீரென்று மேலே எழும்பினாலும் பத்து வாட்டுக்கு மேல் செலவில்லை. கொட்டகைகளின் அளவுகோலான 105 டெசிபல் உச்சத்தை வீட்டில் எட்ட விரும்புகிறவருக்குத்தான் நூறு வாட்டும் போதாமற்போகும். அப்படிப்பட்டவருக்குப் பக்கத்து வீட்டாரும் போதாமற்போவார்கள். இந்நகரத்தில் குடியிருப்போரில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளில் மேலும் கீழும் இடமும் வலமும் மனிதர் சூழ வாழ்கிறவர்கள் என்பதை மறந்துவிட்டு அமெரிக்கத் தனிவீட்டாரின் ஆலோசனையை இங்கே அப்படியே பின்பற்றுவது, ஊட்டிக்குத் தைத்த கம்பளிச் சட்டையைச் சிராங்கூன் ரோட்டில் போட்டுக்கொண்டு நடப்பது போன்றதே.

அன்றியும், அட்டைப் பெட்டியில் அச்சிட்ட வாட் எல்லாம் ஒரே ஜாதியல்ல. எட்டு ஓம் பளுவில், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரையில், இரண்டு வழிகளையும், அதாவது சானல்களையும், ஒருங்கே இயக்கி, சொற்பமான சிதைவோடு அளந்தது ஒரு வாட். ஒரே ஒரு வழியை மட்டும், ஒரே ஒரு சுருதியில், நூற்றுக்குப் பத்துப் பங்கு சிதைவை அனுமதித்து அளந்தது இன்னொரு வாட். பின்னதன் எண் எப்போதும் பெரியதாகவும் அதன் பக்கத்து எழுத்து எப்போதும் சிறியதாகவும் இருக்கும். அமெரிக்காவில் இந்த மாதிரியான மிகைப்படுத்தல் அளவு கடந்து போனதால்தான் 1974-இல் அரசாங்கமே இதற்கென ஒரு விதியைச் செய்தது; அதைப் புதுப்பிக்கும் அவசியம் 2024-இல் மறுபடியும் நேர்ந்தது என்றால், வியாபாரிகளின் சாமர்த்தியத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஒன்பது வழிகளையும் ஒருங்கே இயக்கினால் நடுத்தர ரிசீவர் எதுவும் தான் சொல்லும் வாட்டை எல்லா வழிக்கும் கொடுப்பதில்லை. ஆனால் எந்தப் படமும் ஒன்பது ஸ்பீக்கரையும் ஒருங்கே உச்சத்தில் அலற வைப்பதில்லையாதலாலும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட கனத்த சப்தங்களைச் சொந்த ஆம்ப்ளிஃபையர் உடைய சப்வூஃபர் ஏற்றுக்கொண்டுவிடுவதாலும், அது பெரிய குறையன்று என்பது என் அபிப்பிராயம்.

தோளைப் பற்றி இவ்வளவு போதும். உண்மையான விவகாரம் அறையில் இருக்கிறது.

நம்முடைய அடுக்குமாடிக் கூடம் கான்கிரீட்டினாலும் பளிங்குத் தரையினாலும் ஆன பெட்டி. அதன் உயரம் சுமார் 2.6 மீட்டர், அகலம் மூன்றரை மீட்டர் என்றும் நீளம் ஐந்து மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி மோதித் திரும்பித் தன்னைத்தானே சந்திக்கும் சுருதிகள் முறையே 67, 50, 35 ஹெர்ட்ஸ் ஆகின்றன. இந்தச் சுருதிகளில் அறை தானே ஒரு வாத்தியம் ஆகிவிடுகிறது. சோபா கிடக்கும் இடத்தைப் பொறுத்து, தவிலின் தொப்பி ஓர் இடத்தில் நெஞ்சை இடிக்கிறது, அரை மீட்டர் நகர்ந்தால் காணாமற்போகிறது. எனக்குத் தெரிந்த ஒரு நண்பர், அத்தகைய கூடத்தின் மூலையில் சப்வூஃபரை வைத்து ஒரு கல்யாணக் காணொளியைப் போட்ட மறுநாள், கீழ்வீட்டுச் சீன மூதாட்டி மின்தூக்கியில் அவரைப் பார்த்து, “நேற்று உங்கள் வீட்டில் யாருக்குக் கல்யாணம்?” என்று மிக மரியாதையாகக் கேட்டாராம். அதற்குப் பிறகு அந்த நண்பர் சப்வூஃபரை வீட்டுக் காப்பறைக்குள் பூட்டி வைத்து ஒலிக்கச் செய்யலாமா என்று யோசித்தார். குண்டு வீச்சிலிருந்து குடும்பத்தைக் காக்கக் கட்டிய அறையைக் குடும்பத்திடமிருந்து அண்டை வீட்டாரைக் காக்கப் பயன்படுத்தும் அந்த யோசனையை நான் தடுக்க வேண்டியதாயிற்று.

இத்தகைய அறையைத் திருத்துவதற்கு ரிசீவரோடு வரும் சிறு மைக்கை சோபாவின் பல இடங்களில் வைத்து அளந்து, அறை எந்தச் சுருதியை மிகைப்படுத்துகிறதோ அதைக் குறைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் காலத்தால் சரிசெய்யும் உபாயமே அறைத் திருத்தம் எனப்படுவது. நடுத்தர விலை ரிசீவர்களுக்குள் நிஜமான தாரதம்மியம் இங்கேதான் இருக்கிறது. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியிலிருந்து பிறந்த ஆடிசி, டெனான், மராண்ட்ஸ் சாதனங்களில் இருக்கிறது, ஸ்வீடன் தேசத்து உப்சாலாவில் 2001-இல் தோன்றிய டிராக், ஆங்கியோவின் மேல்தரச் சாதனங்களிலும் நாட், ஆர்காம் முதலியவற்றிலும் இருக்கிறது, கனடாவின் அந்தெம் தன்னுடைய ஆர்க் என்னும் முறையை வைத்திருக்கிறது, யமஹாவுக்கு வைபாவோ. சங்கீத மண்டபங்களின் ஒலியை அளந்து வைத்து அதை வீட்டில் மறுபடியும் எழுப்பும் டிஎஸ்பி-1 என்ற கருவியை 1986-லேயே விற்ற யமஹாவுக்கு இந்த வித்தையில் மூத்தவர் என்ற மரியாதை உண்டு. ஆனால் கனத்த சுருதிகளை அடக்கும் காரியத்தில் வைபாவோவை நான் மற்ற மூன்றுக்கும் பின்னேதான் வைப்பேன்.

ஆடிசியில் எக்ஸ்டி, எக்ஸ்டி32 என்று இரண்டு படிகள் இருப்பதை வாங்குகிறவர் கட்டாயம் கவனிக்க வேண்டும். டெனான் ஏவிஆர்-எக்ஸ்2800எச் முதற்படியோடு நிற்கிறது, அதற்கு அடுத்த எக்ஸ்3800எச் மேற்படியையும், ஒன்பது ஆம்ப்ளிஃபையர்களையும், தனித்தனியாக அளந்து திருத்தக்கூடிய நான்கு சப்வூஃபர் வழிகளையும் கொண்டிருக்கிறது. விலை வித்தியாசத்தைக் கண்டு மலைக்கிறவர்களுக்கு நான் சொல்வது: அந்த வித்தியாசம் வாட்டுக்காக அன்று, 95-க்கும் 105-க்கும் என்ன பேதம்? அது முழுவதும் மூளைக்கான கூலி, ஆகையால் நியாயமானது. 2021-இல் வந்த ஆங்கியோ டிஎக்ஸ்-ஆர்இசட்50, ஒன்பது ஆம்ப்ளிஃபையர்களோடு டிராக்கையும் விலைக்குள் அடக்கியே தந்தது. டெனான், மராண்ட்ஸ் ஆகியவற்றின் சில மாடல்களில் 2023 முதல் டிராக்கைத் தனியே பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். அந்தெம் எம்ஆர்எக்ஸ் 540 ஐந்தே ஆம்ப்ளிஃபையர்களை வைத்துக்கொண்டு விலையில் இவற்றை எட்டிப் பிடிக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர் அதை ஒதுக்கிவிடுவார், ஐந்து ஸ்பீக்கரோடு நிற்கத் தீர்மானித்தவர் அதைக் கேட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. மராண்ட்ஸ் சினிமா 50 டெனானின் சகோதரன். தங்க நிற விளக்கும் அழகிய முகமும் அதற்கு உண்டு, அந்த அழகுக்கு ஒரு விலையும் உண்டு.

எந்த முறையானாலும் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். திருத்தத்தை உச்ச சுருதி வரையில் ஓட விடாமல், கைப்பேசிச் செயலியின் மூலம் ஏறக்குறைய 300, 400 ஹெர்ட்ஸோடு நிறுத்திவிட்டால், அறையின் கோளாறு அடங்கும், நல்ல ஸ்பீக்கரின் சுபாவம் கெடாது. இரண்டாவது, திருத்தம் பள்ளத்தை நிரப்பாது. ஓர் இடத்தில் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறதென்றால் அங்கே எவ்வளவு சக்தியை ஊற்றினாலும் விழலுக்கு இறைத்த நீர்தான். சோபாவையோ சப்வூஃபரையோ நகர்த்துவதே வழி. சப்வூஃபர் இரண்டாக இருப்பது அதைவிட நல்ல வழி.

மெதுவாகக் கேட்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சப்தம் குறையும்போது செவி கனத்த சுருதிகளை முதலில் இழக்கிறது என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். குழந்தைகள் உறங்கிய பின் பத்து மணிக்கு மேல் படம் பார்க்கும் நம்மவருக்கு, ஒலியைக் குறைக்கக் குறைக்க அந்த இழப்பை ஈடுசெய்யும் ஆடிசியின் டைனமிக் ஈக்யூ போன்ற வசதி, நூறு வாட்டை விட நித்திய உபயோகமுள்ளது. வசனத்துக்கோ நடு ஸ்பீக்கர்தான் பிராணன். கடைக்குப் போகிறவர் கார் துரத்தும் காட்சியைப் போட்டுக் காட்டச் சொல்லாமல், தமக்கு நன்றாகப் பழக்கமான ஒரு தமிழ்ப் படத்தின் மெல்லிய சம்பாஷணையைத் தாழ்ந்த ஒலியில் போடச் சொல்லி, லகர ளகர ழகரங்கள் பிரிந்து கேட்கின்றனவா என்று பார்க்கட்டும். எந்த ஆங்கிலப் படத்து இடிமுழக்கமும் காட்டிக்கொடுக்காத குறையை ஒரு ழகரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அட்மாஸ் ஸ்பீக்கர்களைக் கூரையில் பதிக்க வேண்டுமானால், வீட்டைப் புதுப்பிக்கும்போதே பொய்க்கூரைக்குள் கம்பிகளை ஓடவிட்டுவிட வேண்டும். அதற்கு வழியில்லாதவர் மேல்நோக்கி ஒலியை எறிந்து கூரையில் மோதவிடும் வகையை வைத்துக்கொள்ளலாம்; தாழ்ந்த, தட்டையான கான்கிரீட் கூரை அதற்கு மிகவும் இணக்கமானது. மின்விசிறிதான் நடுவில் குறுக்கிடும்.

புதிதாக வந்ததை வந்தவுடன் வாங்குவதிலும் ஆபத்து உண்டு. 2020-ஆம் வருஷத்தின் இறுதியில் ஹெச்டிஎம்ஐ 2.1 வசதியோடு டெனான், மராண்ட்ஸ், யமஹா ஆகியவை வெளியிட்ட ரிசீவர்களில் ஒரு சில்லின் கோளாற்றினால், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் விளையாட்டுக் கருவியின் மிக உயர்ந்த படிமம் திரைக்குப் போய்ச் சேரவில்லை. பின்னர் ஒரு ஸ்தாபனம் துணைப் பெட்டியையும் மற்றொன்று மாற்றுப் பலகையையும் கொடுத்துப் பரிகாரம் தேட வேண்டியதாயிற்று. அதே வருஷம் அக்டோபரில் ஜப்பானின் நோபெயோக்காவில் அசாஹி கசேய் நிறுவனத்தின் சில்லுத் தொழிற்சாலை தீப்பற்றியதில், எண் வடிவச் செய்தியை ஒலியாக்கும் சில்லுகளுக்குத் தட்டுப்பாடு வந்து பல கம்பெனிகள் வேறு சில்லுகளுக்கு மாறின. மாறிய பின் ஒலி கெட்டுவிட்டதாகப் புலம்பியவர்களில் பெரும்பாலோர் அட்டவணையைப் பார்த்த பிறகே அதைக் காதால் கேட்டவர்கள் என்பது என் சந்தேகம்.

கம்பெனிகளின் ஆயுளையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. ஆங்கியோவின் பெயர் புதிய கைகளுக்கு மாறிய பின், அதன் பழைய தாய் நிறுவனம் 2022-இல் திவாலாயிற்று. டெனானும் மராண்ட்ஸும் 2025-இல் சாம்சங்கைச் சேர்ந்த ஹார்மனிடம் போய்ச் சேர்ந்தன. ஆகவே உள்ளூரில் பழுது பார்ப்பது யார், உதிரிப் பாகம் எங்கிருந்து வரும் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அன்று.

மூளை ஒரு பெட்டி, தோள் வேறு பெட்டி என்று பிரித்து வாங்கலாமா என்ற கேள்வி ஆர்வம் முற்றியவர்களுக்கு வருகிறது. இந்த விலைக்குள் அதற்கு அவசரமில்லை. பின்புறத்தில் எல்லா வழிகளுக்கும் ப்ரீ-அவுட், அதாவது வெளி ஆம்ப்ளிஃபையருக்கு ஒலியை அனுப்பும் துளை, உள்ள ரிசீவராகப் பார்த்து வாங்கினால், பிற்காலத்தில் முன் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் தனி ஆம்ப்ளிஃபையரைச் சேர்த்துக்கொள்ளலாம். நான்கு ஓம் ஸ்பீக்கரை இழுத்துத் திணறுகிற வீட்டுக்குத்தான் அது உண்மையில் தேவை. பழைய முறை இரும்புப் பாறைகளுக்குப் பதிலாக, கிளாஸ் டி வகையில் சிறிய உருவத்தில் குளிர்ச்சியாக உழைக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் இன்று மலிவாகவே கிடைக்கின்றன.

குளிர்ச்சி என்றதும் என்னுடைய அசட்டுத்தனம் ஒன்று ஞாபகம் வருகிறது. கூடத்தின் அழகு கெடக்கூடாது என்று, கதவுள்ள அலமாரிக்குள் ரிசீவரை வைத்து மூடினேன். முப்பத்திரண்டு பாகை வெப்பத்தில், சும்மா இருக்கும்போதே ஐம்பது, அறுபது வாட் மின்சாரத்தைச் சூடாக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பிராணி, படத்தின் உச்சக் கட்டத்தில் தானாகவே அணைந்துபோயிற்று. இந்தச் சீதோஷ்ணத்தில் மேலே ஒரு சாண் இடமும் பின்னால் நாலு விரற்கடை இடமும் விடாத அலமாரி, எந்தக் கம்பெனியின் சாதனத்துக்கும் சத்துருதான்.

கடைசியாக வாங்கும் இடம். ஜப்பானுக்கு விடுமுறைக்குப் போய், மலிவு என்று அங்கேயே ரிசீவரைத் தூக்கி வருகிறவர்கள், அது 100 வோல்ட்டுக்குச் செய்தது, நம்முடைய சுவரில் வருவது 230 வோல்ட் என்பதை வீட்டுக்கு வந்தபின் கண்டுபிடிக்கிறார்கள். உள்ளூரிலேயே அதிகார முகவரின் உத்தரவாதம் உள்ளது ஒரு விலைக்கும், வேறு வழியாக இறக்குமதியானது இருநூறு வெள்ளி குறைவாகவும் கிடைக்கும். பின்னதற்குக் கடைக்காரரின் வாய்மொழியே உத்தரவாதம். எனினும் வாங்கியவர் முற்றிலும் அநாதை அல்லர்: 2012 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை விற்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கருதப்படும், இல்லையென்று நிரூபிக்கும் பாரம் விற்றவர் மேல். இருபதாயிரம் வெள்ளி வரையிலான வழக்கைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் வக்கீல் இன்றியே கொண்டுபோகலாம். அதற்கு முன் பயனீட்டாளர் சங்கமும் இருக்கிறது.

பழைய சாதனம் வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. மாடல் மாறும் ஒவ்வொரு முறையும் நல்ல நிலையிலுள்ள ரிசீவர்கள் கேரோசெல் இணையச் சந்தையில் பாதி விலைக்கு வருகின்றன. தோள் எளிதில் கிழடாவதில்லை; ஹெச்டிஎம்ஐ வழிகள்தாம் முதலில் கெடும், ஆகையால் ஒவ்வொன்றிலும் கம்பியைச் சொருகிப் பார்க்க வேண்டும். விற்பவர் ரிமோட்டையும் கையேட்டையும் எடுத்து வைப்பார். மைக்கைப் பற்றிப் பெரும்பாலும் அவருக்கு நினைவே இருக்காது. வாங்கிய அன்று ஒரு தடவை சொருகிப் பார்த்துவிட்டு அட்டைப் பெட்டியோடு எறிந்திருப்பார். அந்தந்த ரிசீவருக்கென்று அளந்து செய்த மைக் அது. வேறொன்றைச் சொருகினால் அளவு பிசகும். மேசை இழுப்பறையில் ஒரு முறை தேடிப் பார்க்கச் சொல்லி, அது கைக்கு வந்த பிறகே பணத்தை எண்ணிக் கொடுக்கலாம்.